சொல்லிக்கொடுக்கும் ஆய்வு மாணவருக்கு ஊதியம் வேண்டும்

வெளிநாட்டு ஆய்விதழ்களை நம் மாணவர்கள் படிப்பதற்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்தின் மதிப்பு 4,500 கோடி ரூபாய். அதன்கீழ் திருச்சி என்ஐடியில் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022 மே மாதம் இயங்கத் தொடங்கியது. இதழும் வந்துவிட்டது, இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் ஒரு மாணவர் தான் சேகரித்த தரவைக் கணினியில் எப்படி ஏற்றுவது, எப்படிக் கணக்கிடுவது, வந்த விடை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அந்த ஆள் இல்லை.

இது ஏதோ கணினித் துறைக்காரர்களின் பிரச்சினை என்று தோன்றலாம். அப்படியல்ல. இன்று கணினி இல்லாமல் ஆய்வேடு முடிக்கும் துறையே கிடையாது. மண்ணியல், கால்நடை மருத்துவம், சமூகப்பணி, தமிழ் இலக்கியம் எதுவானாலும் ஒரு கட்டத்தில் தரவுக் கோப்பு ஒன்று திரையில் திறக்கத்தான் வேண்டும். நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம் பேர், 2021-22-ல் 2.12 லட்சம் பேர். ஏழே ஆண்டுகளில் இவ்வளவு கூடியிருக்கிறது. நெறியாளர்களின் எண்ணிக்கையோ, அவர்களுக்குக் கிடைக்கும் நேரமோ அந்த அளவுக்குக் கூடவில்லை.

வாசலில் இருக்கும் கடை

பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்ச்சாரியில் நடந்து பாருங்கள். ஜெராக்ஸ், பைண்டிங், தீசிஸ் டைப்பிங் என்ற பலகைகளுக்கு நடுவே ‘எஸ்பிஎஸ்எஸ் அனாலிசிஸ் செய்து தரப்படும்’ என்று, புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டுத் தருவதாக ஒரு பலகையும் தொங்கும். சில ஊர்களில் அந்தக் கடைக்கு ‘பிராஜெக்ட் சென்டர்’ என்று பெயர். மாணவர் கேள்வித்தாள் கட்டைக் கொடுத்துவிட்டு வருவார். சில நாள் கழித்து அட்டவணைகள் அச்சாகி வரும்.

நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவியின் டாக்டோரல் கமிட்டியில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். சுய உதவிக் குழுப் பெண்கள் 300 பேரைக் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்டு வந்திருந்தார். திருப்தி எவ்வளவு என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அட்டவணையில் சராசரி 7.35 என்று இருந்தது. ஐந்துக்கு மேல் போகவே முடியாத சராசரி ஏழைத் தாண்டி நின்றது.

காரணம் மிகச் சின்னது. பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறியீடு போடுவது வழக்கம். பதின்மூன்று பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கணக்குப் போட்டவர் அந்த 99-களையும் மதிப்பெண்ணாகவே கூட்டிவிட்டார். “கடையில போட்டுக் குடுத்தாங்க சார்” என்றார் அந்த மாணவி. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வெயிலில் அலைந்து சேர்த்த தரவு அவருடையது. அதன்மேல் அவருக்கே பிடி இல்லாமல் போயிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அதே துறையில் நான்காம் ஆண்டில் இருந்த இன்னொரு மாணவி அவரைத் தன் மடிக்கணினி முன் உட்கார வைத்தார். ‘வேரியபிள் வியூ’ பக்கத்தில் ‘மிஸ்ஸிங்’ என்ற கட்டத்தைத் திறந்து, அதில் 99 என்று போட்டுக் காட்டினார். “இனிமே எந்த டேபிள் வந்தாலும் முதல்ல மினிமம், மேக்ஸிமம் பாரு. அஞ்சுக்கு மேல இருந்தா அங்கயே நில்லு” என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பருவம் முழுக்க நடந்த ஆய்வுமுறையியல் வகுப்பில் வராத தெளிவு அந்தப் பத்து நிமிடத்தில் வந்தது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அந்த மூத்த மாணவி பட்டம் வாங்கிப் போய்விட்டார். அவர் போனதும் அந்தத் துறையில் அந்த அறிவும் போயிற்று. அவர் சொல்லிக்கொடுத்த எத்தனையோ மாலைகளுக்கு ஒரு ரூபாய்கூட யாரும் கொடுக்கவில்லை. நன்றியுரையில் ஒரு வரி வந்திருக்கலாம்.

ஒரு வரி தவறினால்

இப்படிப்பட்ட பிழைகள் நம் ஊர்க் கடைகளில் மட்டும் நடப்பவை அல்ல. அமெரிக்கப் பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்றார்கள். பல நாடுகளில் அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதாடியவர்கள் இந்தக் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. வேறு சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் அதோடு சேர்ந்துகொண்டன. கழித்தல் 0.1 சதவீதம் என்று அவர்கள் சொன்ன வளர்ச்சி, ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களும் 2013-ல் வெளியிட்ட மறுகணக்கில் 2.2 சதவீதமாக வந்தது.

பிழையைக் கண்டவர் ஓர் ஆய்வு மாணவர். கண்டது ஒரு வகுப்புப் பயிற்சியில். கணக்கீட்டைக் கையால் செய்து பழகும் பயிற்சி இருந்ததால்தான் அது வெளியே வந்தது. ஹவாயில் 2019-ல் நடந்ததும் இதைப் போன்றதே. வேதியியலாளர்கள் பலரும் பயன்படுத்திவந்த ஒரு பைத்தான் நிரல், விண்டோஸில் ஒரு விடையும் லினக்ஸில் வேறொரு விடையும் தருவதை அங்கே ஒரு மாணவர் கண்டுபிடித்தார். கோப்புகளை எந்த வரிசையில் எடுப்பது என்று நிரலில் சொல்லாமல் விட்டதுதான் காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டுமோ என்ற கேள்வி எழுந்தது.

மரபணுக்களின் கதை இன்னும் எளியது. மார்ச்1, செப்ட்2 என்ற பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதி என்று நினைத்து மார்ச் 1, செப்டம்பர் 2 என மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

நம் தரவுக்கு நம் பாடம்

இணையத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான், நல்ல பாடங்களும் இருக்கின்றன. ஆனால் அவை யாருடைய தரவை வைத்து எழுதப்பட்டவை?

தமிழ்த் துறையில் ஒரு மாணவர் ஒரு நூலில் எத்தனை எழுத்து என்று எண்ண விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்று என்று சொல்லும். பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அது சேமிக்கப்பட்டிருக்கிறது. ‘கொ’ இன்னும் சிக்கல். அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒரு சொல் ஒரு நூலில் இத்தனை முறை வருகிறது என்று ஆய்வேட்டில் எழுதிய எண்ணே தவறாகிவிடும். ஆங்கில எழுத்தை வைத்து எழுதிய அறிமுகப் பாடங்களில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது வரும் தொல்லை தனிக் கதை.

மழைக் கணக்கும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைமானி மூன்று நாள் பழுதாகிக் கிடந்தால் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தைச் சுழியம் என்று நிரல் எடுத்துக்கொண்டால், நன்றாக மழை பெய்த ஆண்டு வறட்சி ஆண்டாக மாறிவிடக்கூடும். காணாத நாளுக்குக் கழித்தல் 999 என்று குறித்து வைத்திருந்தால் பிழை கண்ணில் பட்டுவிடும். சுழியமாக நுழைந்தால் யாருக்கும் தெரியாது. மழை பெய்யாத நாளும் மழை பதிவாகாத நாளும் வேறு வேறு. காவிரி டெல்டாவில் அந்த எண்ணை நம்பி யாராவது பயிர்க் காப்பீட்டுப் பரிந்துரை எழுதினால், விளைவைச் சுமக்கப்போகிறவர் விவசாயி.

எழுதத் தகுந்தவர் யார்?

நம் தரவை வைத்து எழுத வேண்டிய பாடங்களை மூத்த பேராசிரியர்கள் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதட்டும். ஆனால் ஒன்றைக் கற்று இருபது ஆண்டு ஆனவருக்குத் தொடக்கத்தில் எங்கே கால் இடறியது என்பது மறந்துபோயிருக்கும். இரண்டு ஆண்டுக்கு முன் அதே கோப்போடு இரவெல்லாம் மல்லுக்கட்டிய ஆய்வு மாணவருக்கு அது பசுமையாக நினைவிருக்கும். எந்தப் பிழைச் செய்தி திரையில் வரும், அதைப் பார்த்ததும் எப்படிப் பயம் வரும், எதை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

மாணவரே பாடம் எழுதுவது புது யோசனை அல்ல. மும்பை ஐஐடியின் ‘ஃபாஸி’ திட்டம் மத்திய கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் பல ஆண்டுகளாக இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்துவருகிறது. ஒரு பொறியியல் பாடப்புத்தகத்தை மாணவர் எடுத்துக்கொள்வார். அதில் தீர்த்துக் காட்டப்பட்டிருக்கும் கணக்குகளை ‘சைலேப்’ என்ற கட்டற்ற மென்பொருளில் நிரலாக எழுதுவார். வல்லுநர் சரிபார்ப்பார். பிறகு எல்லோருக்கும் இலவசமாக வெளியாகும். எழுதிய மாணவருக்கு மதிப்பூதியமும் சான்றிதழும் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாத கல்லூரிகளுக்கு இது பெரிய உதவி. அதே ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்கள், பத்து நிமிட அளவில், தமிழிலும் கிடைக்கின்றன. அங்கே பெரும்பாலும் பட்டப்படிப்பு நிலைக்கான பாடங்கள். ஆய்வு நிலைக்கு அதே வழியை நீட்டிக்க வேண்டும்.

வெளியிலும் முன்மாதிரி உண்டு. விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ இன்று உலகெங்கும் இரண்டு நாள் பட்டறைகளாக நடக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ‘ரீகோட்’ என்ற திட்டத்தில், முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் துறைச் சிக்கல் ஒன்றை எடுத்து, நிரலையும் விளக்கத்தையும் சேர்த்து, மற்றவர்கள் படித்துப் பழகத்தக்க மாதிரிகளாக எழுதுகிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சாட்ஜிபிடியே எழுதித் தருகிறதே என்றும் ஒரு கேள்வி வரும். நிரலை எழுதித் தரும், மறுக்கவில்லை. அந்தக் கோப்பில் 99 என்றால் ‘பதில் இல்லை’ என்று அதற்கு யார் சொல்வது? விடை 7.35 என்று வந்தால் ‘அங்கேயே நில்’ என்று மாணவரிடம் யார் சொல்வது? கடைக்காரரை நம்பிய கை இயந்திரத்தையும் அப்படியே நம்பும். சரிபார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அது கருவியாகும்.

இலவசமாக ஏன் கேட்கக் கூடாது?

நெட் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மூத்த நிலையில் 42,000 ரூபாய். நெட் உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000 ரூபாய்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் எந்த உதவித்தொகையும் இல்லாமல் ஆய்வு செய்கிறவர்கள் ஏராளம். ஃபெல்லோஷிப் கிடைத்தவர்கள் பலருக்கும் அது மாதாமாதம் வருவதில்லை. பல மாதத் தொகை சேர்ந்து ஒருநாள் வரும். அதுவரை விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டும்.

இப்படி இருக்கிறவரிடம் ‘ஆர்வம் இருந்தால் ஒரு பாடம் எழுதிக் கொடு’ என்றால், வீட்டில் வசதி உள்ளவர் மட்டுமே எழுத முடியும். முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வந்தவர், மாலையில் டியூஷன் எடுத்துத்தான் சாப்பிடுகிறார். அவரால் முடியாது. அவர் எழுதினால்தான் அடுத்து வரும் முதல் தலைமுறை மாணவருக்குப் புரியும். ஊதியம் இல்லாத வேலை என்றால் நாம் இழப்பது அவரைத்தான்.

ஆய்வு மாணவர்களைக் கற்பித்தலில் ஈடுபடுத்த, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு விதிகளே இடம் தருகின்றன. வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை கற்பித்தல், ஆய்வக உதவிப் பணி கொடுக்கலாம் என்கின்றன. அதே நேரம் ஃபெல்லோஷிப் விதிகள் வேறு வருமானம் பெறக் கூடாது என்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் மாணவர் மாட்டிக்கொள்கிறார். மதிப்பூதியம் வாங்கினால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் பலர் கையெழுத்துப் போடவே தயங்குவார்கள்.

செய்ய வேண்டியது

முதலில் ஒரு சுற்றறிக்கை. கற்பித்தல் பாடம் எழுதுவதற்கான மதிப்பூதியம் ஃபெல்லோஷிப் விதிகளுக்கு முரணானது அல்ல என்று யுஜிசி தெளிவாக எழுதித் தர வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை.

அடுத்தது தொகை. என் யோசனை இது: ஒரு பாடத்துக்கு எழுதியவருக்கு 25,000 ரூபாய், சரிபார்த்தவருக்கு 5,000 ரூபாய், அதை ஒரு வகுப்பில் நடத்திப் பார்க்க 10,000 ரூபாய். நூறு பாடத்துக்கு 40 லட்சம் ரூபாய் ஆகும். 6,000 கோடி ரூபாய்க்கு இதழ் வாங்கித் தரும் நாட்டுக்கு இது சுமையே அல்ல. எழுதியவருக்குப் பாதித் தொகை வரைவு கொடுத்தவுடனும், மீதி வகுப்பில் சோதித்தவுடனும் நேரே வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். துறைத்தலைவர், பதிவாளர், நிதி அலுவலர் என்று கோப்பு சுற்றும் முறையில் இதைக் கொண்டுபோனால் முதல் ஆண்டிலேயே திட்டம் செத்துவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

வகுப்பில் சோதிப்பது என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. எழுதியவர் தன் ஊர்க் கல்லூரியின் பத்து மாணவர்கள் முன் அதை நடத்த வேண்டும். எந்த வரியில் பத்துப் பேரும் நிற்கிறார்களோ அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் பவர்பாயிண்ட் நமக்கு வேண்டாம்.

பாடம் தமிழிலும் இருக்க வேண்டும். ‘மிஸ்ஸிங் வேல்யூ’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் எழுதினால் போதும். கலைச்சொல் குழு கூடி முடியும் வரை காத்திருக்க வேண்டாம். எழுதியவர் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கட்டுரைக்கு உள்ள மதிப்பில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும். பதிப்புரிமையைப் பல்கலைக்கழகம் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும் உரிமத்தில் விட வேண்டும்.

நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘உன் தீசிஸை முடி, இதெல்லாம் எதுக்கு’ என்று சொல்லாதீர்கள். தன் கணக்கை இன்னொருவருக்கு விளங்கும்படி எழுதும் மாணவர், எழுதும்போதே தன் ஆய்வேட்டின் பிழைகளையும் கண்டுவிடுவார். வாரம் ஐந்து மணி நேரம் விட்டுக்கொடுங்கள்.

தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்துக்குச் சென்னை ஐஐடி உட்பட நான்கு ஐஐடிகளில் பயிற்சி மையங்கள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. மாநில உயர்கல்வி மன்றம் இருக்கிறது. புதிதாக ஓர் அமைப்பு கட்டத் தேவையில்லை. வரும் ஆண்டு புதிய ஆய்வு மாணவர்கள் கோர்ஸ் ஒர்க்கில் உட்காருவதற்குள், முதல் இருபது பாடங்களுக்கான அறிவிப்பை உயர்கல்வி மன்றம் வெளியிட வேண்டும். அந்த இருபதுக்கு ஆகும் செலவு எட்டு லட்சம் ரூபாய்.